நள்ளிரவில் திறக்கும் தீயணைப்புக் குழாய்

வணக்கம் நேயர்களே.

ஊர் அடங்கிய நேரத்தில் தெருவோரத் தீயணைப்புக் குழாயை ஊழியர்கள் திறந்துவிட, தண்ணீர் சாலையில் ஆறாக ஓடுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். குடிக்கிற தண்ணீரை இப்படியா கொட்டுவது என்று வயிறு எரியும். குடிநீர்ப் பணியில் சேர்ந்த புதிதில் எனக்கும் எரிந்தது.

காரணம் பைப்பின் பருமனில் இருக்கிறது. நாலு வீடு குளிக்கவும் சமைக்கவும் மெல்லிய பைப்பே போதும். ஆனால் தீப்பிடித்தால் ஒரே இடத்தில் ஏராளமான தண்ணீர் வேண்டும். அதனால்தான் 150 மில்லிமீட்டர் பைப்பாகப் பதிக்கிறார்கள். சரி, ஒரு முட்டுச்சந்தில் 20 வீடுகள், வீட்டுக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், அந்தப் பைப்பில் தண்ணீர் சராசரியாக நொடிக்கு 7 மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. எறும்பே இதைவிட வேகமாகப் போகும்! இரவில் அதுவும் இல்லை.

தேங்கிய தண்ணீரில், கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின் மெல்ல மெல்லக் குறையும். அப்புறம் பைப்பின் உட்சுவரில் கிருமிப் படலம் வளர இடம் கிடைக்கும். இரும்புத் துருவும் மாங்கனீசும் அடியில் படியும். என்றாவது பக்கத்தில் பைப் உடைந்து ஓட்டம் திசை மாறினால், அத்தனையும் கிளம்பி உங்கள் குடத்துக்கு வரும்.

அதற்குமுன் நாங்களே கிளப்பி வெளியேற்றுகிறோம். பைப்பின் வால்வுகளை மூடி, தீயணைப்புக் குழாயைத் திறந்து, ஒரே திசையில் மட்டும் தண்ணீரை விரட்டுவோம். நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகம் கிடைத்தால் படிவுகள் பெயரும். ஏற்கெனவே சுத்தமான பைப்பிலிருந்துதான் தண்ணீரை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய கசடு புதிய இடத்துக்குக் குடிபெயரும். திறப்பதும் மூடுவதும் நிதானமாக. பாய்கிற தண்ணீரைச் சட்டென நிறுத்தினால் அந்த அதிர்ச்சியில் பைப்பே வெடிக்கலாம்.

நாங்கள் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து டார்ச் வெளிச்சத்தில் பார்ப்போம். முதல் பாட்டில் செங்கல் கரைத்த மாதிரி இருக்கும். அடுத்தடுத்த பாட்டில்களில் நிறம் வெளுக்கும். கடைசியில் பாட்டிலுக்குப் பின்னால் பிடித்த விரல் ரேகை தெரியும். அதோடு விடமாட்டோம், குளோரின் அளவையும் சோதித்த பிறகுதான் மூடுவோம். தீயணைப்புக் குழாய் துருப்பிடித்து இறுகியிருந்தாலும் அன்றே தெரிந்துவிடும். தீ எரியும்போது அது தெரியவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓடும் தண்ணீர் ஓடையில் கலக்குமென்றால் குளோரினை முறித்துத்தான் விட வேண்டும். மீன்களுக்கு அது விஷம்.

உங்கள் தெருவுக்கு அறிவிப்பு வந்தால், அன்றைக்கு வெள்ளைத் துணி துவைக்காதீர்கள். கலங்கலாக வந்தால் வெந்நீர்க் குழாயைத் தொடாதீர்கள். கசடு ஹீட்டருக்குள் போய்த் தங்கிவிடும். சாதாரணக் குழாயை மட்டும் சில நிமிடம் ஓடவிடுங்கள். அப்படியும் தெளியவில்லையா, தயங்காமல் குடிநீர் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். எந்த வால்வைத் திரும்பத் திறக்காமல் விட்டுவிட்டோம் என்பதைச் சில சமயம் உங்கள் போனை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம்.

நன்றி, வணக்கம்.