அது யாருடைய கப்பல்?

எல்லோருக்கும் வணக்கம். நாட்டுக் கொடியைப் பற்றிப் பேச்சு என்றால் கூட்டம் சேரும். நான் பேச வந்திருப்பது கப்பல் கம்பெனிகளின் கொடிகளைப் பற்றி. அதுவும் நெதர்லாந்துக் கம்பெனிகள். அவற்றில் பலவும் இன்று பெயரளவில்கூட இல்லை. இதற்கு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால், வெளியே வெயில் அதிகம் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு வணிகக் கப்பலில் பல கொடிகள் பறக்கும். பின்பக்கம் பறப்பது கப்பல் பதிவான நாட்டின் கொடி. முன் பாய்மரத்தில் இருப்பது, போய்ச் சேரும் நாட்டுக்கு மரியாதையாக ஏற்றுவது. பெரிய மரத்தின் உச்சியில் ஒன்று பறக்கும், அது முதலாளியின் கொடி. ஆங்கிலேயர் இதை ஹவுஸ் ஃப்ளாக் என்பார்கள், டச்சுக்காரர்கள் ரேடரைவ்லாக் என்பார்கள். நாம் கம்பெனிக் கொடி என்று வைத்துக்கொள்வோம்.

இதைக் கம்பெனியின் கௌரவச் சின்னம் என்று எழுதுவது வழக்கம். கௌரவமெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் இந்தக் கொடி, கரையில் நிற்கிற ஒருவர் கேட்கும் கேள்விக்குப் பதில். அது யாருடைய கப்பல்?

1840ஆம் ஆண்டு வாக்கில் நெதர்லாந்தின் வட முனையில், டென் ஹெல்டர் என்ற ஊரில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எதிரே டெக்ஸல் தீவு. ஜாவாவிலிருந்து காபியும் சர்க்கரையும் ஏற்றிய பாய்மரக் கப்பல் மாதக்கணக்கில் கடலில் கிடந்து இந்த இடத்துக்கு வரும். இங்கிருந்து 1824இல் வெட்டி முடித்த வட ஹாலந்துக் கால்வாய் வழியாக ஆம்ஸ்டர்டாம் போகும். வழியில் புயலில் சிக்கியதா, கொள்ளை போனதா, கேப்டன் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு தகவலும் கிடையாது. கப்பலே வந்தால்தான் செய்தி வரும். கப்பலின் பெயரோ பின்பக்கத்தில் எழுதியிருக்கும், தூரத்திலிருந்து படிக்க முடியாது. மூவர்ணக் கொடியைப் பார்த்தால் டச்சுக் கப்பல் என்று மட்டும் தெரியும். அந்த வழியாக வருகிற கப்பல்களில் பாதிக்கு மேல் அதேதான். அப்போது தொலைநோக்கியில் கண் வைத்திருப்பவர் தேடுவது மர உச்சியைத்தான்.

அந்த முதலாளி என்பவரும் ஒரே ஆள் இல்லை. அந்தக் காலத்து டச்சுக் கப்பலைப் பங்கு போட்டு வாங்குவார்கள். எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு, அறுபத்து நாலில் ஒரு பங்குகூட உண்டு. ரொட்டிக்கடைக்காரர், கயிறு திரிப்பவர், பாய் தைப்பவர், கேப்டனே ஒரு பங்கு என்று பலர் கையில் ஒரு கப்பல் இருக்கும். இவர்கள் எல்லோர் சார்பிலும் கப்பலை நடத்துகிறவரை அவர்கள் அழைத்த பெயர் கணக்குப்பிள்ளை. டச்சில் புக்ஹௌடர். ஆளைச் சேர்ப்பது, சரக்குப் பிடிப்பது, காப்பீடு கட்டுவது, கடைசியில் லாபத்தைப் பிரித்துக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. கொடியும் அவர் அலுவலகத்தின் கொடிதான். ஆகவே அந்தக் கொடி சொன்ன சேதி இதுதான்: கூலி பாக்கியா, சரக்கு சேதமா, இன்னாரிடம் போய்க் கேள்.

இதற்கெல்லாம் பாட்டன் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், நடத்திய கிழக்கிந்தியக் கம்பெனி. 1602இல் தொடங்கி 1799 கடைசியில் கலைந்தது. அதன் முத்திரை வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்து. பெரிய 'வி', அதன் இரண்டு கைகளிலும் 'ஓ'வும் 'சி'யும். தூத்துக்குடிக்காரர்கள் சிரிக்கிறீர்கள், தெரிகிறது. ஆமாம், 1658இல் ஒல்லாந்தர் பிடித்த ஊரில், இன்று சிதம்பரனார் பெயரில் துறைமுகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்து. வெறும் தற்செயல்தான். ஆனால் சுதேசிக் கப்பல் விட்டவரின் பெயரெழுத்துக்கு வந்து சேர்ந்த தற்செயல் என்பதால் எனக்குப் பிடிக்கும்.

அந்தக் கம்பெனிக்கு ஆறு கிளைகள்: ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், ராட்டர்டாம், டெல்ஃப்ட், ஹோர்ன், எங்க்ஹாய்சன். ஒவ்வொரு கிளையும் தனியாகக் கப்பல் கட்டியது, தனியாகக் கணக்கு வைத்தது. எனவே மூவர்ணத்தின் நடுவே முத்திரை, அதன் தலையில் கிளையின் முதல் எழுத்து. ஆம்ஸ்டர்டாம் என்றால் 'ஏ'. இந்த முத்திரை கொடியோடு நிற்கவில்லை. பீரங்கியில், பீங்கான் தட்டில், பழவேற்காட்டில் அடித்த செப்புக் காசில் எல்லாம் இருக்கும். இலங்கையில் காலி என்ற ஊரின் கோட்டையில், பழைய வாசலில், உட்பக்கம் 1669 என்ற ஆண்டோடு சிங்கங்கள் தாங்கிய அதே முத்திரையை இன்றும் பார்க்கலாம். இலங்கை போகிறவர்கள் வெளிச் சுவரைப் படம் பிடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே நுழைந்து திரும்பிப் பாருங்கள்.

இப்போது இந்தப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு டச்சுக் கப்பல் ஓவியங்களைப் பார்த்தால் ஒரு கொடியில் வெறும் எண் மட்டும் இருக்கும். 57 என்றோ 214 என்றோ. அது கப்பலின் எண் கிடையாது, கம்பெனியின் எண்ணும் கிடையாது. கேப்டனின் எண். 1822இல் ஆம்ஸ்டர்டாமில் ஸேமன்ஸ்ஹோப் என்று கேப்டன்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். மாலுமியின் நம்பிக்கை என்று பொருள். உறுப்பினர் சந்தா கட்டுவார். அவர் கடலில் இறந்துவிட்டால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதிலிருந்து உதவித் தொகை வரும். சேர்ந்ததும் ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணிட்ட கொடியை அவர் தான் ஓட்டும் கப்பலில் ஏற்றிக்கொள்ளலாம். வேறு கப்பலுக்கு மாறினால் கொடியும் அவரோடு மாறும். ராட்டர்டாமிலும், வடக்கே கிரோனிங்கன் மாகாணத்துச் சிற்றூர்களிலும் இதே மாதிரிச் சங்கங்கள் இருந்தன.

யோசித்துப் பாருங்கள். முதலாளியின் கொடி, சரக்கு வந்துவிட்டது என்று சொல்கிறது. எண் கொடி, இன்னார் வந்துவிட்டார் என்று சொல்கிறது. நடுக்கடலில் எதிரும் புதிருமாகப் போகும் இரண்டு கப்பல்களில் ஒன்று, ஊர் திரும்பியதும் “இத்தனாம் தேதி, இந்த இடத்தில் 214ஐப் பார்த்தோம், நன்றாகப் போய்க்கொண்டிருந்தது” என்று சொன்னால் போதும். அவர் வீட்டில் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். கம்பெனிக் கொடிகளில் எவ்வளவோ அழகானவை உண்டு. ஆனாலும் மனிதரைச் சொன்ன கொடி இது ஒன்றுதான் என்பதால், என் கணக்கில் இதற்குத்தான் முதல் இடம். இன்னொரு பயனும் உண்டு. பெயர் தெரியாத பழைய கப்பல் ஓவியம் கிடைத்தால், எண்ணைச் சங்கத்தின் பதிவேட்டில் தேடி, கேப்டனைப் பிடித்து, அவர் ஓட்டிய கப்பல்களைப் பிடித்து, ஓவியம் எந்த ஆண்டு என்பதுவரை போய்விடுகிறார்கள் ஆய்வாளர்கள்.

1857இல் ஆங்கிலேயர் வணிகக் கப்பல்களுக்கான சிக்னல் புத்தகம் வெளியிட்டார்கள். அதன் பிறகு நான்கு கொடிகளை வரிசையாக ஏற்றினால் கப்பலின் பெயரையே சொல்லிவிடலாம். எண் கொடிக்கு வேலை குறைந்தது. சங்குபோல் ஊதிக்கொண்டு நீராவிக் கப்பல்கள் வந்தன. அறுபத்து நாலில் ஒரு பங்கு போய், பங்குச் சந்தைக் கம்பெனிகள் வந்தன. நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடியது ஹாலந்து அமெரிக்கா லைன். 1873இல் ராட்டர்டாமில் தொடங்கியது. ஐரோப்பாவிலிருந்து லட்சக்கணக்கானவர்களை அமெரிக்காவுக்குக் குடியேறக் கொண்டுபோன கம்பெனி. அதன் கொடி பச்சை, வெள்ளை, பச்சை என மூன்று பட்டை, நடுவில் கம்பெனியின் டச்சுப் பெயரின் நான்கு முதலெழுத்துகள். அந்தப் பச்சை வெள்ளை ராட்டர்டாம் நகரத்தின் நிறம்.

கொடி வடிவமைப்பில் இது கெட்டிக்காரத்தனம். சர்வதேச சிக்னல் எழுத்துக் கொடிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை மட்டும்தான் வரும், பச்சை கிடையாது. பச்சைக் கொடி தெரிந்தால் அது சிக்னலாக இருக்க வழியில்லை. எழுத்துகள்தான் எனக்கு உடன்பாடில்லை. காற்று அடிக்கும்போது துணி மடியும், காற்று நின்றால் தொங்கிவிடும், மறுபக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரியும். அதைத் தவிர்க்க இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தைக்க வேண்டும். கொடி கனமாகிவிடும், அப்புறம் பறக்காது. டச்சுக்காரர்களுக்கு மட்டும் எழுத்து மோகம் விட்டதே இல்லை. வி.ஓ.சி. போட்ட பழக்கம் போலிருக்கிறது.

நீராவிக் கப்பலில் கொடியைவிடப் பெரிய பலகை ஒன்று கிடைத்தது: புகைபோக்கி. ஹாலந்து அமெரிக்கா கப்பலில் மஞ்சள் புகைபோக்கியில் பச்சை வெள்ளைப் பச்சைப் பட்டை. காற்று அதை மடிக்காது. பெயரும் துப்புக் கொடுத்தது. 'டாம்' என்று முடிந்தால் அந்தக் கம்பெனியின் பயணிகள் கப்பல், 'டைக்' என்று முடிந்தால் சரக்குக் கப்பல். ஆம்ஸ்டர்டாமின் ஸ்ப்ளீட்ஹோஃப் கம்பெனி இன்றும் தன் கப்பல்களுக்குக் 'கிராக்ட்' என்று முடியும் பெயர்தான் வைக்கிறது. கால்வாய் என்று பொருள்.

முதல் உலகப் போரில் நெதர்லாந்து நடுநிலை நாடு. நீர்மூழ்கிக்காரன் பார்த்துவிட்டுச் சுடாமல் விடட்டும் என்று கப்பலின் பக்கவாட்டில் பெயரையும் நாட்டையும் ஆளுயர எழுத்தில் எழுதினார்கள், நாட்டுக் கொடியை வரைந்தார்கள். 1939இலும் அப்படியே. பார்க்கிறவன் இருந்தால்தானே பயன்? அந்த நவம்பர் 18ஆம் தேதி சிமோன் பொலிவர் என்ற டச்சுப் பயணிகள் கப்பல் ஆங்கிலக் கரைக்கு அருகே அடுத்தடுத்து இரண்டு கண்ணிவெடிகளில் மோதி மூழ்கியது. கண்ணிவெடிக்குக் கொடி படிக்கத் தெரியாது.

சரி, கடலை விட்டு ஆற்றுக்கு வருவோம். நெதர்லாந்தின் சரக்குப் போக்குவரத்தில் பெரிய ஒரு பங்கு ரைன் ஆற்றிலும் கால்வாய்களிலும் ஓடுகிறது. 1868இல் மான்ஹைம் ஒப்பந்தம் ரைன் நதியில் கப்பல் போக்குவரத்துக்குச் சுதந்திரம் கொடுத்தது. நீராவி இழுவைப் படகு ஒன்று, பின்னால் கயிற்றில் கட்டிய சரக்குப் படகுகள் வரிசையாக, ராட்டர்டாமிலிருந்து ஜெர்மனி நோக்கிப் போகும். ஆற்றில் உயரமான மரம் வைக்க முடியாது. பாலத்துக்குப் பாலம் சாய்க்க வேண்டும். ஆகவே கம்பெனி அடையாளம் இழுவைப் படகின் புகைபோக்கி வளையத்துக்கும், முன்பக்கத்தில் நட்ட சின்னக் கம்புக்கும் இறங்கிவிட்டது.

அங்கே இன்னொரு உலகமும் இருந்தது: ஒரு குடும்பம், ஒரு படகு. கணவன் சுக்கான் பிடிப்பார், மனைவி கயிறு வீசுவார், பின்பக்க அறையில் திரைச்சீலை, பூந்தொட்டி, பிள்ளைகள். இவர்களுக்குக் கம்பெனிக் கொடி எதற்கு? 1933இல் பொருளாதார மந்தத்தின்போது, இவர்களைக் காப்பாற்ற அரசு ஒரு சட்டம் போட்டது. உள்நாட்டுச் சரக்கு படகோட்டிகளின் சந்தையில் முறை வைத்துப் பிரிக்கப்படும். வரிசையில் உன் பெயர் வந்தால் பலகையில் இருக்கிற சரக்கில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். யாருடைய படகு என்று யாரும் கேட்கவில்லை, யார் முறை என்றுதான் கேட்டார்கள். அந்த ஏற்பாடு 1998 வரை நீடித்தது.

பெரிய கம்பெனிகளின் கொடிகள் இறங்கிய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது கணக்கு வழக்கு. கன்டெய்னர் வந்தது, ஒரு கன்டெய்னர் கப்பல் கட்டத் தனிக் கம்பெனிக்குப் பணம் போதவில்லை. 1970இல் நான்கு பழைய கம்பெனிகள் ஒன்றாயின. 1977இல் நெட்லாய்ட் என்று பெயர் மாறியது. 1981இல் ஆம்ஸ்டர்டாமின் பழைய ராயல் நெதர்லாந்து நீராவிக் கப்பல் கம்பெனியும் அதில் கரைந்தது. 1990களின் நடுவில் பிரிட்டனின் பி அண்ட் ஓவுடன் கன்டெய்னர் தொழில் இணைந்தது. 2005இல் டென்மார்க்கின் மேர்ஸ்க் அனைத்தையும் வாங்கியது. இப்போது அங்கே பறப்பது வெளிர் நீலத்தில் ஏழு முனை வெள்ளை நட்சத்திரம். ஹாலந்து அமெரிக்கா லைன் 1989இல் அமெரிக்காவின் கார்னிவல் கைக்குப் போனது. கப்பல்கள் மட்டும் இன்னும் ராட்டர்டாமைத் தாய்த் துறைமுகமாகப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகின்றன. ராட்டர்டாம் துறைமுகத்தில் அவர்களுடைய பழைய தலைமை அலுவலகம் ஹோட்டல் நியூயார்க் என்ற விடுதியாகிவிட்டது.

டென் ஹெல்டரில் தொலைநோக்கியோடு நின்றவருக்கு இன்று வேலை இல்லை. தானியங்கி அடையாளக் கருவி கடல் கப்பல்களுக்கு 2004இலேயே வந்துவிட்டது. ரைன் ஆற்றில் 2014 டிசம்பர் முதல் கட்டாயம். பெயர், எண், நீளம், போகுமிடம் எல்லாம் கைப்பேசியில் தெரிகிறது. இருந்தும் ஆற்றில் கண்ணால் பார்க்கும் அடையாளங்கள் முழுக்கப் போய்விடவில்லை. எதிரே வரும் படகுக்கு வலப்பக்கம் வழிவிடச் சொல்ல முன்பு நீலக் கொடி அசைத்தார்கள். இன்று அதே இடத்தில் மின்னும் வெள்ளை விளக்கோடு நீலப் பலகை. ஆபத்தான சரக்கு ஏற்றிய படகு நீலக் கூம்பு தொங்கவிடும்: தீப்பிடிப்பது என்றால் ஒன்று, உடலுக்குக் கேடு என்றால் இரண்டு, வெடிப்பது என்றால் மூன்று, இரவில் அத்தனை நீல விளக்குகள். கூம்பு எத்தனையோ அதைப் பொறுத்து மற்ற படகுகள் 10, 50 அல்லது 100 மீட்டர் தள்ளித்தான் கட்ட வேண்டும். கூம்பைப் பார்க்கிற படகோட்டி அந்தச் சரக்கு எந்தக் கம்பெனியுடையது என்று கேட்பதில்லை. கயிற்றை அவிழ்த்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் கட்டுகிறார்.

உங்கள் கேள்விகளை இப்போது கேட்கலாம்.