டல்சா மக்கள் தள்ளிய ஆற்று வரி

அவைத்தலைவர் அவர்களே, அன்புள்ள நண்பர்களே,

உள்ளாட்சி நிதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெற்றி பெற்ற திட்டங்களையே பெரும்பாலும் எடுத்துக்காட்டுவார்கள். இன்று நான் தோற்றுப்போன ஒரு வரியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள டல்சா கவுண்டியில், அதாவது நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பகுதியில், 2007 ஆம் ஆண்டு அக்டோபர் 9 ஆம் தேதி ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆர்கன்சா ஆற்றங்கரையை மேம்படுத்துவதற்காக, விற்பனை வரியை ஏழு ஆண்டுகளுக்கு 0.4 சதவீதம் உயர்த்தி, 282 மில்லியன் டாலர் திரட்டலாமா என்பதே கேள்வி. வாக்களித்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் வேண்டாம் என்றார்கள், வரி விழுந்துவிட்டது. நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் நாற்பது சென்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நாற்பது சென்ட்டை ஒரு பெரிய ஊர் ஏன் மறுத்தது என்பதுதான் என் பொருள்.

முதலில் அந்த ஊரின் வரி முறையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த விவாதத்தின் சூடு புரியாது. ஓக்லஹோமாவில் சொத்து வரி பெரும்பாலும் பள்ளிகளுக்கும் கவுண்டிக்கும், நகரங்கள் வெளியிட்ட கடன் பத்திரங்களை அடைப்பதற்கும் போய்விடுகிறது. போலீஸ், தீயணைப்பு, பூங்கா, தெரு விளக்கு என்று நகராட்சியின் அன்றாடச் செலவு விற்பனை வரியையே நம்பி இருக்கிறது. 2007 இல் டல்சா நகரத்தில் அந்த வரி மாநிலத்துக்கு 4.5, நகரத்துக்கு 3, கவுண்டிக்கு ஒன்றைச் சற்றே தாண்டியது என்று மொத்தம் எட்டரை சதவீதத்தை எட்டியிருந்தது. ரொட்டிக்கும் பாலுக்கும் கூட அன்று இந்த வரி முழுதாக இருந்தது; மளிகைமீதான மாநிலப் பங்கு 2024 இல்தான் நீக்கப்பட்டது. புதிய விற்பனை வரியை விதிக்கவோ உயர்த்தவோ வேண்டுமானால் வாக்காளரிடம் கேட்டே ஆக வேண்டும். மன்றத்தில் தீர்மானம் போட்டு வரியை ஏற்றும் வழக்கத்துக்குப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம்; அங்கே ஆட்சியாளர்கள் ஒவ்வொரு பெரிய திட்டத்துக்கும் தெருத்தெருவாகச் சென்று காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி ஆற்றுக்கு வருவோம். கொலராடோ மலைகளில் பிறந்து, கான்சஸ் சமவெளியைக் கடந்து டல்சாவுக்கு வரும் ஆர்கன்சா, அகலமான, ஆழமில்லாத, மணல் நிறைந்த ஆறு. வரும் வழியில் உப்புப் பாறைகளையும் உப்புச் சமவெளிகளையும் தொட்டு வருவதால் அதன் நீர் குடிக்கத் தோதானது அல்ல. அதனால்தான் அந்த நகரம், கண்ணெதிரே ஆறு ஓடியும், 1924 இல் வெகு தொலைவிலுள்ள ஸ்பாவினாவிலிருந்து குழாய் வழியாகக் குடிநீர் கொண்டுவந்தது. குடிநீர் தராத ஆற்றுக்கு நகரம் முதுகைக் காட்டிற்று. மேற்குக் கரையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. பின்னர் 1964 இல், மேற்கே சில மைல் தொலைவில் மத்திய அரசின் ராணுவப் பொறியியல் பிரிவு கீஸ்டோன் அணையைக் கட்டி முடித்தது. வெள்ளத்தைத் தடுக்கவும், பிறகு மின்சாரம் எடுக்கவும் பயன்பட்ட அந்த அணைதான் ஆற்றின் இன்றைய முகத்தைத் தீர்மானிக்கிறது. மின் உற்பத்திக்காகத் தண்ணீரைத் திறந்துவிடும் நேரத்தில் ஆறு நிறைந்து ஓடும். மூடிவிட்டால், சில மணி நேரத்தில் மணல் திட்டுகள் தலைகாட்டும். அந்தத் திட்டுகளில் அப்போது அழியும் நிலையில் இருந்ததாகப் பட்டியலிடப்பட்டிருந்த சிறிய ஆலாப் பறவைகள் முட்டையிட்டு வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெறும் மணல் என்று ஊரார் சலித்துக்கொண்ட இடம் அவற்றுக்கு வீடு.

ஆற்றில் எப்போதும் தண்ணீர் தெரிய வேண்டும் என்பது டல்சாவின் நெடுநாள் ஆசை. அதற்கான கருவி தாழ்வான தடுப்பணை. 1983 இல் நகரத்தை ஒட்டி ஜிங்க் தடுப்பணையைக் கட்டினார்கள். அதன் பின்னால் ஓர் ஏரி தேங்கியது, விரைவிலேயே வண்டலும் தேங்கியது. மேற்கே சாண்ட் ஸ்பிரிங்ஸ் அருகில் ஒன்று, தெற்கே ஜெங்க்ஸ் அருகில் ஒன்று, நடுவில் புதுப்பிக்கப்பட்ட ஜிங்க் என்று மூன்று அணைகள் இருந்தால் ஆறு பல மைல்களுக்கு நீர்ப்பரப்பாக நிற்கும் என்பது திட்டம். இந்தத் தடுப்பணைகள் வெள்ளத்தைத் தடுப்பவை அல்ல என்பதை இங்கேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். 2019 மே மாதத்தில் கீஸ்டோனிலிருந்து நொடிக்கு 2,75,000 கன அடி வரை நீரைத் திறக்க வேண்டி வந்தபோது ஊரைக் காத்தவை 1940களில் எழுப்பிய மண் கரைகள்தான். தடுப்பணை காட்சிக்கும் பொழுதுபோக்குக்கும் கரையோர வணிகத்துக்கும் ஆனது. அந்த நோக்கம் தவறில்லை. ஆனால் அதை அந்தப் பெயரால்தான் சொல்ல வேண்டும்.

2007 இல் இந்தத் திட்டத்தை முன்னிறுத்தியவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். கவுண்டி ஆணையர் ராண்டி மில்லர் முன்னே நின்றார். டல்சா மேயர் கேத்தி டெய்லர் ஆதரித்தார். டல்சாவின் பெருஞ்செல்வர் ஜார்ஜ் கைசரின் அறக்கட்டளை முதலிய கொடையாளர்கள், வரி நிறைவேறினால் 117 மில்லியன் டாலர் தருவதாக உறுதி கூறினார்கள். தடுப்பணைகள், நடைபாலங்கள், கரையோர நிலம் வாங்குதல், பூங்கா வசதிகள் என்று செலவுப் பட்டியலும் இருந்தது. இளைஞர்கள் டல்சாவை விட்டுப் போகிறார்கள், அருகிலுள்ள ஓக்லஹோமா சிட்டி தன் நகர மையத்தை வரிப் பணத்தால் மாற்றிக் காட்டிவிட்டது, நாம் மட்டும் காய்ந்த மணலைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதைவிட, ஒருவர் நூறு மில்லியனுக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது வேண்டாம் என்று சொல்வது எந்த ஊருக்கும் எளிதல்ல.

அப்படியிருந்தும் சொன்னார்கள். அதற்கான முதல் காரணம் நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வாக்குச்சீட்டில் இருந்தது. 2003 செப்டம்பரில் அதே கவுண்டி மக்கள் 'விஷன் 2025' என்ற பெயரில் பதின்மூன்று ஆண்டு விற்பனை வரிக்கு ஒப்புதல் தந்திருந்தார்கள். டல்சா நகர மையத்தில் பெரிய அரங்கம் எழுந்தது அந்தப் பணத்தில்தான். அந்தத் திட்டப் பட்டியலில் ஆர்கன்சா ஆற்றில் இரண்டு தடுப்பணைகள் கட்டுவதற்கென்று 5.6 மில்லியன் டாலரும், ஜிங்க் ஏரியில் வண்டல் அகற்றவும் கரையை அழகுபடுத்தவும் வேறு தொகையும் குறிக்கப்பட்டிருந்தன. அந்தத் தொகை அணை கட்டப் போதாது என்பதும், மத்திய அரசின் பங்கு வந்தால்தான் வேலை நடக்கும் என்பதும் விவரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வாக்காளர் படித்தது 'இரண்டு தடுப்பணைகள் கட்டுதல்' என்ற வரியை. நான்கு ஆண்டுகள் கழித்து அதே அணைகளுக்காக இன்னொரு வரி என்று வந்து நின்றால், முன்பு தந்த வாக்கு என்னவாயிற்று என்று அவர் கேட்கத்தானே செய்வார்? ஒரு முறை முன்பணம் வாங்கிக்கொண்டு சுவர் எழுப்பாத கொத்தனாரிடம் இரண்டாவது முறை முன்பணம் கொடுக்க யார்தான் முன்வருவார்கள்? ஆதரவாளர்கள் இதற்குத் தந்த விளக்கம், அது பங்குத் தொகை மட்டுமே என்பது, தணிக்கையாளருக்குப் போதும், வாக்காளருக்குப் போதவில்லை.

இடையில் 2006 இல் வேறொரு தனியார் குழு ஆற்றின் நடுவே செயற்கைத் தீவுகளை எழுப்பிக் குடியிருப்புகளும் கடைகளும் கட்டலாம் என்று 788 மில்லியன் டாலர் கனவு ஒன்றை வரைந்து காட்டியிருந்தது. செலவின் பெரும்பகுதியை மக்கள் ஏற்க வேண்டும் என்றது. அது கைவிடப்பட்டாலும், ஆற்றங்கரை என்ற சொல்லைக் கேட்டாலே யாருக்கு லாபம் என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுச் சென்றது என்பது என் கருத்து.

அடுத்தது, வரியின் எல்லை. கவுண்டி என்றால் டல்சா நகரம் மட்டும் அல்ல. வடக்கே ஒவாசோவும் காலின்ஸ்வில்லும், கிழக்கே புரோக்கன் ஆரோவும் அதில் அடங்கும். ஒவாசோவில் மளிகை வாங்கும் குடும்பத்துக்கு ஜெங்க்ஸ் கரையில் தேங்கும் நீரால் என்ன பயன்? முழு வட்டாரமும் வளர்ந்தால் அனைவருக்கும் நன்மை என்ற பதில் பொதுவாக உண்மைதான். ஆனால் கரையோர நிலத்தின் மதிப்பு உயர்வதும், உணவகங்களின் விற்பனை வரி கரையோர நகராட்சிக்குப் போவதும் அதைவிட உறுதியான உண்மைகள். பயன் ஓரிடத்தில் குவிய, சுமை எங்கும் பரவியது. அதுவும் விற்பனை வரியாக வந்ததால், வருமானத்தில் பெரும்பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவிடுகிறவர்களின் தோளில் கூடுதலாக அழுத்தியது. நீர்முனை உணவகத்தில் அமர்ந்து சாப்பிடப் போகிறவர் யார், அதற்காக அரிசிக்கும் சோப்புக்கும் கூடுதல் வரி கட்டப் போகிறவர் யார் என்ற கேள்வியை, எதிர்ப்பாளர்கள் மேடையில் இவ்வளவு கூர்மையாக வைத்தார்களோ இல்லையோ, நான் வைக்கிறேன்.

தெருக்களின் நிலையும் இருந்தது. டல்சாவின் சாலைகள் குண்டும் குழியுமாக இருந்ததை மேயரே மறுத்ததில்லை. இந்தக் காரணம் எனக்கு முழு நிறைவு தருவதில்லை. சாலை சரியாகும் வரை வேறு எதையும் செய்யாதே என்று சொன்னால் எந்த ஊரும் எதையும் கட்ட முடியாது. ஆயினும் மக்கள் இதை வெறும் சாக்காகச் சொல்லவில்லை என்பதற்கு ஆதாரம் ஓராண்டில் கிடைத்தது. 2008 நவம்பரில், சாலைகளைச் சீரமைக்கும் 451.6 மில்லியன் டாலர் திட்டத்துக்கு அதே டல்சா நகரத்து வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். வரி என்றாலே கசக்கும் ஊர் அப்படிச் செய்திருக்காது.

தோல்விக்குப் பின் தலையங்கங்களிலும் கூட்டங்களிலும் ஒலித்த பேச்சு, தொலைநோக்கு இல்லாத வாக்காளர்கள் நல்ல வாய்ப்பைத் தவறவிட்டார்கள் என்பது. இதை ஓரளவுதான் ஏற்பேன். இழப்பு இருந்தது: காலம் போயிற்று, கட்டுமானச் செலவு ஏறிற்று, அன்று நிபந்தனையோடு வந்த கொடை அந்த வடிவில் நிற்கவில்லை. ஆனால் மக்கள் எதை மறுத்தார்கள் என்பதைப் பின்னாளில் அவர்கள் எவற்றை ஏற்றார்கள் என்பதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 2012 நவம்பரில் கவுண்டி மீண்டும் வந்து, பழைய வரி முடியச் சில ஆண்டுகள் இருக்கும்போதே அதை நீட்டித்து ஏறத்தாழ 750 மில்லியன் டாலர் திரட்ட அனுமதி கேட்டது, மறுத்தார்கள். 2016 ஏப்ரலில் கேள்வி மாறியிருந்தது. கேட்டது கவுண்டி அல்ல, டல்சா நகரம். முடியவிருந்த கவுண்டி வரி விட்டுச்செல்லும் இடத்திலேயே நகரத்தின் வரி அமர்ந்ததால் கடையில் கட்டும் மொத்த விகிதம் உயரவில்லை. காவல் துறைக்கும் தீயணைப்புக்கும் தனிக் கேள்வி, பேருந்துக்குத் தனிக் கேள்வி, ஆற்று அணைகள் உள்ளிட்ட வளர்ச்சித் திட்டங்களுக்குத் தனிக் கேள்வி. மூன்றும் நிறைவேறின. 2007 இல் 'வேண்டாம்' பெற்ற ஜிங்க் அணை, ஒன்பது ஆண்டுகளில் 'சரி' பெற்றது.

கொடையாளர் தரப்பிலும் ஒரு மாற்றம் நடந்தது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கைசர் அறக்கட்டளையும் அதன் கூட்டாளிகளும் ஆற்றை ஒட்டியே 'கேதரிங் பிளேஸ்' என்ற பெரும் பூங்காவை உருவாக்கி 2018 செப்டம்பரில் திறந்தார்கள். 465 மில்லியன் டாலர் திட்டம். பெரும்பங்கு தனியார் கொடை, நுழைவுக் கட்டணம் கிடையாது. வரியோடு கட்டப்பட்ட நன்கொடை தோற்ற ஊரில், தன் காலில் நின்ற நன்கொடை எல்லோரும் கொண்டாடும் இடமாயிற்று. 'நீ வரி கட்டினால் நான் தருகிறேன்' என்னும் கொடை, எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும், வாக்காளரின் கையை லேசாக முறுக்குகிறது. கொடுப்பவருக்கு அது தோன்றாது, வாங்குபவருக்குத் தோன்றும்.

புதிய ஜிங்க் அணையும் ஏரியும், படகு விளையாட்டுக்கான நீரோடையும், பழைய ரயில் பாலம் இருந்த இடத்தில் புதிய நடைபாலமும் 2024 இல் திறக்கப்பட்டன. அப்போது சாண்ட் ஸ்பிரிங்ஸிலும் ஜெங்க்ஸிலும் வரவேண்டிய மற்ற இரண்டு அணைகள் எழும்பியிருக்கவில்லை. 2003 ஆம் ஆண்டு பட்டியலில் 5.6 மில்லியன் டாலருக்கு எதிரே எழுதியிருந்தது அந்த இரண்டும்தான்.