ஏற்காட்டுப் பாறைக்குக் கொல்கத்தாக் கல்லறையின் பெயர் வந்த கதை

வணக்கம்! ஏற்காடு மலைப்பாதையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஒரு பாறையில் சாய்ந்து நின்று செல்ஃபி எடுத்திருக்கிறீர்களா? அந்தப் பாறையின் பெயர் கொல்கத்தாவில் இருக்கும் ஒரு கல்லறையில் இருந்து வந்தது. நம்ப முடியவில்லையா? முழுசாகப் பாருங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சேலம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டினால் அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி வெயில் குறையும். ஏரியும் காடும் சேர்ந்ததுதான் ஏற்காடு என்பார்கள். சரி, பாறைக்கு வருவோம்.

(காட்சி: சாலைக்காக வெட்டிய பாறை, மிக அருகில்)

பாருங்கள், எண்ணெய் தடவியது போல ஒரு கருமை. இதன் பெயர் சார்னோக்கைட். பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, ஈரமே இல்லாத கடும் வெப்பத்தில் வெந்து உருவான கல். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். இமயமலையெல்லாம் இதற்கு முன்னால் கைக்குழந்தை!

இப்போது கல்லறைக்குப் போவோம். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் 1690களில் இறந்தார். கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893இல், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியல் அறிஞர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்தார். கொல்கத்தாவோ கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் பூமி, அங்கே ஏது இப்படி ஒரு கல்? சென்னைப் பக்கம் பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துக் கல்லோடு அது பொருந்தியது. கல் நம் நாட்டுக் கல், பெயர் மட்டும் கல்லறைக்காரர் பெயர்!

பல்லாவரம், நீலகிரி, ஏற்காடு இருக்கும் நம் சேர்வராயன் மலை எல்லாமே இந்தக் கல் குடும்பம்தான். அதனால் இனி யாராவது ஏற்காட்டை ‘ஏழைகளின் ஊட்டி’ என்றால் விடாதீர்கள். ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் பங்காளி உறவு. இதில் ஏழை யார், பணக்காரன் யார்?

மலை உச்சியில் பல லட்சம் ஆண்டு மழை கரைத்தது போக மிஞ்சியது பாக்சைட் என்ற அலுமினியத் தாது. அதைத் தோண்டி மேட்டூரில் அலுமினியம் செய்தார்கள். கீழே சேலத்தில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட், மேற்கே கஞ்சமலையில் இரும்பு. இதற்குத் தனி வீடியோவே போட வேண்டும்.

வரலாற்றுக்கு வருகிறேன். 1792இல் திப்பு சுல்தானிடம் இருந்து இந்தச் சீமை கம்பெனி கைக்குப் போனது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் சில்வர் ஓக் நிழலில் காப்பி, அந்த மரத்திலேயே மிளகுக் கொடி.

இணையத்தில் தேடினால், கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ 1842இல் இந்த மலையைக் ‘கண்டுபிடித்தார்’ என்று வரும். தயவுசெய்து அதைப் பகிராதீர்கள். மன்றோ 1827லேயே காலராவில் இறந்துவிட்டார்! அவர் 1792 முதல் 1799 வரை இந்தப் பக்கம் வேலை பார்த்தது உண்மை. ஆனால் ‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லே எனக்கு வலிக்கிறது. மலையாளி பழங்குடியினர் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வாழ்ந்தார்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்காதீர்கள், மலையை ஆள்பவர்கள் என்று பொருள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தில் இருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோயிலில் மே மாதத் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள், இது யாருடைய மலை என்று தெரியும்.

அடுத்த முறை ஏறும்போது, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அந்தக் கருங்கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எத்தனையாவது வளைவு என்று கமெண்டில் எழுதுங்கள்.