இலாஸ்டிக்கோடு என் கோபம்: அப்பாவுக்கு முகக்கவசம் தைத்த கதை

வணக்கம் உறவுகளே. இந்தக் கிழமை தலையணை உறை தைத்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். துணி வெட்டியபடியே மேசையில் கிடக்கிறது. அப்பாவுக்குத் தடிமன் பிடித்து, அது அம்மாவுக்கும் தொற்றியதால், அம்மம்மாவின் அறைக்குள் போகிறவர்கள் எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று. ஆகவே 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வெட்டி வைத்த அட்டை மாதிரியை மீண்டும் தேடி எடுத்தேன்.

அளவு அதேதான்: 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம். முதலில் இரண்டு அடுக்குகளாகவே தைத்து வந்தேன். அந்த ஆண்டு ஜூனில் உலக சுகாதார நிறுவனம் மூன்று அடுக்குகளைப் பரிந்துரைத்த பின்னர், நான் இரண்டடுக்கில் ஒன்றும் தைத்ததில்லை.

இனி இலாஸ்டிக்குக்கு வருகிறேன். பட்டினத்தில் ஒரு கடையில், ஒரு யார் (கெஜம்) 60 ரூபாய்ப்படி, கால் அங்குல இலாஸ்டிக் மூன்று யார் வாங்கினேன். விலையைப் பற்றி நான் முறையிடவில்லை. வீட்டில் வைத்து அளந்தால் 108 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 99 அங்குலந்தான் இருந்தது. நம்ப முடியாமல் மூன்று தரம் அளந்தேன். அந்தக் கடைக்காரர் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே அளந்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது! ஒரு கவசத்துக்கு 12 அங்குலம் வேண்டும் என்பதால், ஒன்பது தைக்க வந்தது எட்டோடு நின்றுவிட்டது. அதுவும் இரண்டு தரம் சுடுநீரில் தோய்த்ததும் அவித்த இடியப்பம்போலத் தொய்ந்து போயிற்று.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன்னரே தோய்த்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தைத்த பின்னர் சுருங்கிவிடும்.

அப்பாவின் பழைய சாரத்திலிருந்து நாடா வெட்டி, தலைக்குப் பின்னால் முடிந்துகொள்ளும்படி தைத்தேன். மூக்குக்கு மேலே வைத்த கம்பிதான் காலை வாரியது. முதல் தோய்ப்பிலேயே வெள்ளைத் துணியில் பழுப்புக் கோடாகத் துரு இறங்கிவிட்டது. இப்போது பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியை, தோய்க்கும்போது உருவி எடுக்கும்படி சிறு பையொன்றில் செருகியிருக்கிறேன். மூச்சு மேலே கசியாததால் அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் புகார் படிவதில்லை. இந்த வெற்றியை அவரிடம் நான்கு தரம் சொல்லிவிட்டேன்.

அம்மம்மா கம்பளி நூலில் பின்னிய கவசம் மிக அழகானது. ஆனால் மின்குமிழுக்கு நேரே பிடித்தால் கண்ணிக்குக் கண்ணி வெளிச்சம் தெரிகிறது. உள்ளே துணி வைத்துத் தைக்காமல் அதை அணிவதில் பயனில்லை. அவரிடம் இதைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லாததால், மிஞ்சிய நூலில் இரண்டு தெறி வைத்த பட்டியொன்று பின்னித் தரும்படி கேட்டேன். கவசத்தின் இலாஸ்டிக்கைத் தலைக்குப் பின்னால் அந்தத் தெறிகளில் மாட்டிக்கொண்டால் காது இழுபடாது. பெறாமகள் அதைக் கழற்ற மறுக்கிறாள்.

அம்மாவுடையது மாத்திரம் இன்னும் தைக்கப்படவில்லை, சேலைக்குப் பொருத்தமான துணி வேண்டுமாம்.