அலங்காரம் ஆளை மறைக்கும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ஆங்கில உரைநடைக்கு உயிர் தருவது அலங்காரமா, எளிமையா என்பது தலைப்பு. எளிமையே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஆங்கில எழுத்தாளர் ஜான் லிலியைத் தூக்கிப் பிடித்தார். 1578-இல் வந்த அவருடைய 'யூஃபியூஸ்' என்ற உரைநடைக் கதை ஆங்கில வாக்கியத்துக்கு ஒழுங்கு கற்றுத் தந்தது என்றார். சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் என்ன ஆயிற்று? ஒரு சின்னக் கருத்துக்குக் கல், மூலிகை, விலங்கு என்று உவமைகள் வரிசைகட்டின. எலிசபெத் அரசவையில் அதுவே மோஸ்தர் ஆனது. இருபது ஆண்டுக்குள் ஷேக்ஸ்பியர் அதைத் தன் நாடகத்துக் கோமாளிப் பாத்திரமான ஃபால்ஸ்டாஃப் வாயில் போட்டுக் கிண்டலடித்துவிட்டார்: கெமோமில் செடி மிதிக்க மிதிக்க வளருமாம், இளமை வீணாக்க வீணாக்கத் தேயுமாம்!

அடுத்து, ஆங்கில அகராதி தொகுத்த எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனை அலங்கார நடைக்குத் துணையாக அழைத்தார்கள். அவரையே நானும் சாட்சிக்கு அழைக்கிறேன். 1773-இல் ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளுக்குப் போகும் வழியில் கிளெனெல்க் என்ற ஊரின் விடுதியில் தங்கினார். அங்கே நடந்ததைத் தோழி திருமதி திரேலுக்குக் கடிதமாக எழுதினார். மாடிக்குக் கூட்டிப்போனார்களாம், எங்களில் ஒருவர் படுக்க வேண்டிய கட்டிலிலிருந்து ஓர் அழுக்கு ஆள் எகிறிக் குதித்தான் என்கிறார். அவ்வளவுதான். அந்த அறையின் வாடைகூட நமக்கு வருகிறது. களைத்து வந்த மனிதர் திடுக்கிட்டு நிற்பதும் தெரிகிறது.

1775-இல் அதே பயணம் புத்தகமாகிறது. அங்கே அதே ஆள், 'நாங்கள் துயில்கொள்ளவிருந்த படுக்கைகளுள் ஒன்றினின்று, எம் வருகை கண்டு எழுந்த, உலைக்களத்துச் சைக்ளோப்ஸ் போன்ற கரியன்' ஆகிவிடுகிறான். கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கன் வந்து நிற்கிறான். கட்டிலில் கிடந்த ஏழையைக் காணோம்! பாவம், அவன் முகம் அந்த வரியில் எங்கேயும் இல்லை. 1831-இல் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியவர் மெக்காலே. நம் ஊர்க் கல்வியோடு சேர்த்து நாம் பேசும் அதே மெக்காலேதான். ஜான்சன் முதலில் நல்ல ஆங்கிலத்தில் சிந்தித்து, பிறகு அதைத் தன் சொந்த நடைக்குப் பெயர்த்தார் என்பது அவர் கணிப்பு.

அலங்காரம் இல்லாவிட்டால் உரைநடை மளிகைப் பட்டியல் ஆகிவிடும் என்று பயமுறுத்தினார்கள். அந்தக் கடிதம் மளிகைப் பட்டியலா? 1667-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சங்கத்தின் வரலாற்றை எழுதிய தாமஸ் ஸ்ப்ராட், அந்தச் சங்கம் பண்டிதர் பேச்சைவிடக் கைவினைஞர், நாட்டுப்புறத்தார், வணிகர் பேச்சையே விரும்பியது என்று பதிந்திருக்கிறார். விஞ்ஞானம் பேசியவர்களுக்கே அது போதுமானதாக இருந்தது.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதுமுன் ஜான்சனின் அந்த இரண்டு வரிகளையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நன்றி, வணக்கம்.