கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை: திரைக்குள் இருக்கும் திரவப் படிகம்

(வேதியியல் துறை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் முதல்வர் அவர்களே, எனக்கு முன் ஒளியியலைப் பற்றி மிகத் தெளிவாக உரையாற்றி அமர்ந்திருக்கும் இயற்பியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, அன்போடு வரவேற்ற மன்றச் செயலாளர் அவர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். துணைவேந்தர் அவர்கள் வேறொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதற்குத் தனியாக நன்றி சொல்கிறேன். ஏனென்றால் இன்று நான் வைக்கவிருக்கும் கோரிக்கை அவர்கள் செவியில்தான் விழ வேண்டும்.

தட்டைத் திரைக்கான திரவப் படிகத்தை வடிவமைப்பதில் மூலக்கூறு, கலவை, கண்ணாடியின் உட்பரப்பு என்ற மூன்றையும் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன்.

1888இல் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கொலஸ்டெரில் பென்சோயேட்டைச் சூடாக்கியபோது, அது 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலாக நின்று, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. நீர்மம் போல ஓடவும் வேண்டும், படிகம் போல ஒழுங்காகவும் நிற்க வேண்டும் என்ற அந்த இரட்டை நிலையைத்தான் இன்று திரைக்குள் அடைத்து வைத்திருக்கிறோம். கோல் வடிவ மூலக்கூறுகள் திரும்புவதால்தான் திரையில் ஒளி கடக்கிறது அல்லது தடைபடுகிறது. அவை சிறு மின்னழுத்தத்திலேயே திரும்ப வேண்டுமானால் அவற்றில் வலுவான மின் இருமுனை, அதாவது ஒரு முனை நேர் மின்னாகவும் மறுமுனை எதிர் மின்னாகவும் சாய்ந்த அமைப்பு, தேவை. ஆனால் இருமுனை வலுத்தால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, பாகுத்தன்மை ஏறி, படம் மாறும் வேகம் குறைகிறது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நம்மவர்கள் பிறரைக் கண்டிக்கத்தான் சொல்வார்கள். திரவப் படிக வேதியியலில் அந்த இரண்டு ஆசையும் இல்லாதவருக்கு வேலையே இல்லை.

இங்கே என் மாணவப் பருவத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். அறை வெப்பநிலையிலேயே திரவப் படிகமாக இருக்கும் எம்பிபிஏ என்ற ஷிஃப் காரத்தை, அதாவது இரண்டு பகுதிகளைக் கார்பன்-நைட்ரஜன் பாலம் இணைக்கும் சேர்மத்தை, தயாரிக்கும் பணி எனக்குத் தரப்பட்டது. நான்கு வாரம் உழைத்து, காய்ச்சி வடித்து, வெளிர்மஞ்சள் நிறத்தில் சிறு குப்பி நிறைய எடுத்துவிட்டேன். திரவப் படிகத்தை வண்ணங்களாகக் காட்டும் முனைவாக்க நுண்ணோக்கியில் வைத்துச் சூடேற்றியபோது 46 டிகிரியில் அது சாதாரண நீர்மமாகத் தெளிய, வண்ணங்கள் மறைந்து களம் கறுத்தது. ஒரு வாரம் கழித்து, ஆய்வுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் காட்டுவதற்காக அதே குப்பியிலிருந்து ஒரு துளி எடுத்தேன். 41 டிகிரியிலேயே களம் கறுத்துவிட்டது. வெப்பமானி பழுது என்று நினைத்து வேறொன்றைக் கொண்டுவந்தேன், அதிலும் 41தான். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. என் ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து வந்தார். குப்பியின் வாய்க்கு மேலே கையை மெல்ல விசிறினார். "என்ன தம்பி, சோம்பு வாசனை வருகிறதே?" என்றார். "ஐயா, நான் எதையும் கலக்கவில்லை" என்றேன். "நீ கலக்கவில்லை, மழைக்காலம் கலந்துவிட்டது. மூடியைச் சரியாகத் திருகினாயா?" என்றார். காற்றின் ஈரம் மூலக்கூறின் நடுப்பாலத்தை உடைத்து, அது பிறந்த அனிசால்டிஹைடையே திருப்பித் தந்திருந்தது. அந்த மணம் இன்றும் என் மூக்கில் நிற்கிறது. முதல் திரைகள் சீக்கிரம் கெட்டதற்கு இத்தகைய பலவீனமும் ஒரு காரணம் என்பதை நான் எந்தப் பாடநூலிலும் படித்து அறியவில்லை.

உடைகிற பாலமே வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் கிரேயும் அவர் குழுவினரும். இரண்டு பென்சீன் வளையங்களை நேரடியாகப் பிணைத்து, ஒரு முனையில் சயனோ தொகுதியையும் (கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த, வலுவான இருமுனை தரும் அணுத்தொகுதி) மறுமுனையில் கார்பன் வாலையும் வைத்து, 1973இல் சயனோபைபினைல்களை வெளியிட்டார்கள். ஐந்து கார்பன் வால் கொண்ட 5சிபி ஏறத்தாழ 24 முதல் 35 டிகிரி வரை திரவப் படிகமாக நிற்கும். கொஞ்சம் குளிர்ந்தால் உறைந்துவிடும் பொருளை வைத்துக் கைக்கடிகாரம் செய்ய முடியாதல்லவா? அளவில் மாறுபட்ட மூலக்கூறுகளைக் கலந்தால் ஒன்று மற்றொன்றின் அடுக்கைக் கெடுத்து உறைநிலையைக் கீழே தள்ளும். அப்படி நான்கு சேர்மங்களைக் கலந்து உருவான ஈ7 என்ற கலவை, மைனஸ் 10 முதல் 60 டிகிரி வரை தாங்கியது.

ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஒரு டிரான்சிஸ்டர் வந்தபோது சயனோவே சுமையாயிற்று. அடுத்த சுற்றில் மின்னூட்டம் வரும்வரை, அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம், புள்ளி தன் மின்னூட்டத்தைக் கசியவிடாமல் வைத்திருக்க வேண்டும். சயனோ தொகுதியோ அயனிகளைத் தன்னிடம் இழுத்துக்கொண்டு கசிவுக்கு வழி விடுகிறது. அந்த இடத்தில் ஃபுளூரின் வந்தது: ஹைட்ரஜனை விடச் சற்றே பெரிய அணு, கார்பனோடு உறுதியான பிணைப்பு, அளவான இருமுனை. இரண்டு ஃபுளூரினை வளையத்தின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்தால் மூலக்கூறு மின்புலத்துக்குக் குறுக்கே படுக்கும்; மின்னழுத்தம் இல்லாதபோது மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும் செங்குத்து அமைப்புத் திரைகள் இதை நம்பியே இயங்குகின்றன. கண்ணாடிகளுக்கு இடையிலான சில மைக்ரோமீட்டர் இடைவெளியைப் பாதியாக்கினால் திரும்பும் நேரம் கால்பங்காகும்; ஆனால் இரட்டை ஒளிவிலகலை, அதாவது மூலக்கூறின் நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் ஒளி விலகும் அளவுகளுக்கு இடையிலான வேறுபாட்டை, இருமடங்காக்க வேண்டும், அதற்காக வளையங்களைக் கூட்டினால் பாகுத்தன்மை ஏறும். மறுபடியும் கூழும் மீசையும்தான்.

உட்பரப்பைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் நேரம் குறைவு. அதைவிட அவசரமான ஒன்று மனத்தில் இருக்கிறது. செய்முறை வகுப்புகளின் நேரத்தைக் குறைத்து, சேர்மங்களைக் கையால் தயாரிக்கும் தொகுப்பு வேதியியலைக் கணினி மாதிரிகளாக மாற்றும் போக்கு எங்கும் பரவி வருகிறது. ஒரு மூலக்கூறின் இருமுனையைக் கணினி நன்றாகவே கணித்துத் தரும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் பத்துப் பதினைந்து சேர்மங்கள் கலந்த ஒரு கலவை எந்தக் குளிரில் உறையும், எவ்வளவு அசுத்தத்தில் மின்னூட்டம் கசியும் என்பவற்றைக் குப்பியைக் கையில் எடுத்துத்தான் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. கணினியும் வேண்டும், குடுவையும் வேண்டும். இந்தக் கூழையும் இந்த மீசையையும் நாம் விடக் கூடாது. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு திரவப் படிகத்தையாவது தம் கையால் தயாரித்து, தூய்மைப்படுத்தி, அது தெளியும் வெப்பநிலையைத் தம் கண்ணால் பார்த்த பிறகே பட்டம் பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை. இதற்கு வாரத்தில் ஒரு முழுப் பிற்பகல் போதும்.

துணைவேந்தர் அவர்களே, மேல்மாடி ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் 5சிபி துளி ஒன்றை 37 டிகிரியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். இப்போது அது முழுக் கறுப்பு. நாம் போய்ச் சேர்ந்ததும் சூட்டைக் குறைக்கிறேன்; 35 டிகிரியில் வண்ணத் துளிகள் ஒவ்வொன்றாக எழுந்து ஒன்றோடொன்று கலப்பதைத் தாங்களே பார்க்கலாம்.