செய்தியா, செய்திகளா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தமிழில் செய்தி வாசிப்பவர் 'செய்திகள்' என்று பன்மையில்தான் தொடங்குவார். ஆங்கிலத்தில் 'ஹியர் இஸ் த நியூஸ்' என்பார்கள். கவனித்தீர்களா? 'ஆர்' இல்லை, 'இஸ்'. சொல்லின் கடைசியில் 'ஸ்' கேட்கிறது, வாசிக்கப்போவதோ பத்துப் பதினைந்து செய்தி. இருந்தும் அது ஒருமை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் நாம் எங்கே இடறுகிறோம் என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது.

பள்ளியில் வகைகளை வரிசையாக ஒப்பித்திருப்போம். பிராப்பர் நவுன், காமன் நவுன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட். ஒருவருக்கோ ஓர் ஊருக்கோ உரிய பெயர் பிராப்பர். பெரிய எழுத்தில் தொடங்கும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லாததால் கிழமைகளிலும் மாதங்களிலும் நமக்கு இது தவறிப்போகும். மண்டே, மார்ச் இரண்டும் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். கோடையைக் குறிக்கும் சம்மருக்கு அது வேண்டாம். அழகு, துணிவு போலக் கண்ணுக்குத் தெரியாதவை அப்ஸ்ட்ராக்ட். இதில் நமக்குச் சிரமமே இல்லை. பண்புப்பெயர் நமக்குப் பழகியதுதானே.

கூட்டத்தைச் சொல்லும் கலெக்டிவ் நவுன் சுவையானது. சிங்கக் கூட்டத்துக்கு 'ப்ரைட்' என்று பெயர். 1486-இல் அச்சான ஒரு வேட்டை நூலிலேயே அது இருக்கிறது. ஆட்டக்காரர்கள் சேர்ந்த 'டீம்' என்ற சொல்லுக்கு அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'இஸ்' போடுவார்கள். பிரிட்டனில் 'ஆர்' என்பதும் சகஜம். ஆனால் 'போலீஸ்' என்றால் இரு நாட்டிலும் 'ஆர்' தான்.

இவை எல்லாவற்றையும்விட முதலில் கற்றுத்தர வேண்டியது எண்ண முடியுமா, முடியாதா என்ற பிரிவு என்பேன். நாம் எழுதும் ஆங்கிலத்தில் பிழை அதிகம் விழுவது இங்கேதான்.

தமிழிலும் இந்த உணர்வு உண்டு. 'மணல்கள்' என்று யாரும் சொல்வதில்லை, காதே ஒப்பாது. ஆனால் 'தகவல்கள்', 'அறிவுரைகள்' என்று தயங்காமல் சொல்கிறோம். ஆங்கிலமோ அந்த இரண்டையும் மணலோடு சேர்த்துவிட்டது! அதனால்தான் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்' என்று எழுதிவிடுகிறோம். குறை அறிவில் இல்லை. இரண்டு மொழிகளும் கோட்டை வேறு வேறு இடத்தில் கிழித்திருக்கின்றன. ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், ஹோம்ஒர்க் எல்லாம் இந்தக் கூட்டம்தான். எண்ணியே ஆக வேண்டுமென்றால் 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்' என்று அளவுச் சொல்லை முன்னால் வைக்க வேண்டும். நாம் 'ஒரு பிடி மணல்' என்பதில்லையா, அதே வழி.

சந்தேகம் வந்தால், ஆங்கிலம் கற்பவர்களுக்கென வந்த அகராதியைப் புரட்டுங்கள். பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் 'சி' என்ற எழுத்து இருந்தால் எண்ணலாம். 'யு' இருந்தால் எண்ணக் கூடாது. சில சொல்லுக்கு இரண்டும் இருக்கும். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள், அங்கேதான் பொருளே மாறுகிறது. தலை நிறைய இருக்கும் முடி வெறும் 'ஹேர்'. சீப்பில் சிக்கிய மூன்று முடி 'த்ரீ ஹேர்ஸ்'. 'அயர்ன்' என்றால் இரும்பு. 'அன் அயர்ன்' என்றால் இஸ்திரிப் பெட்டி. 'பேப்பர்' என்றால் தாள். 'எ பேப்பர்' என்றால் செய்தித்தாளாகவோ ஆய்வுக் கட்டுரையாகவோ இருக்கும்.

'எனக்கு நிறைய வேலை இருக்கிறது' என்பதை 'ஐ ஹேவ் மெனி ஒர்க்ஸ்' என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 'மச் ஒர்க்' என்றாலும் காதுக்கு இடறும். 'எ லாட் ஆஃப் ஒர்க்' என்பதே இயல்பு. 'ஒர்க்ஸ்' என்று பன்மையாக்கினால் அது ஓர் எழுத்தாளரின் படைப்புகளையோ ஓவியரின் படைப்புகளையோ குறிக்கப் போய்விடும்.

நன்றி, வணக்கம்.